"ஊர் வம்பு உனக்கெதுக்கு" என்று சொல்லிவிட்ட அப்பாவுக்கு

கேள்வி: என் மகள் ஒரு சிபிஎஸ்இ பள்ளியில் ஒன்பதாம் வகுப்பு படிக்கிறாள். அவளுடைய தோழிக்குப் பேச்சு திக்கும். வகுப்பில் நாலைந்து பெண்கள் அவளைப் போலவே பேசிக்காட்டிக் கேலி செய்திருக்கிறார்கள். என் மகள் தட்டிக் கேட்டிருக்கிறாள். அரையாண்டுத் தேர்வு முடிந்ததும் அந்தத் தோழி டி.சி. வாங்கிக்கொண்டு கரூர் பள்ளிக்குப் போய்விட்டாள். இப்போது என் மகளோடு வகுப்பில் யாரும் பேசுவதில்லை. வாட்ஸ்அப் குழுவிலிருந்தும் எடுத்துவிட்டார்கள். டிபன் பாக்ஸ் வைத்தது வைத்தபடி திரும்பி வருகிறது. முதலில் அவள் வந்து சொன்னபோது, "ஊர் வம்பு உனக்கெதுக்கு, படிக்கிற வேலையைப் பாரு" என்று சொல்லிவிட்டேன். அதன்பிறகு எதையும் சொல்வதில்லை. இரவில் 'மார்ச் கம்ஸ் இன் லைக் எ லயன்' என்ற ஜப்பான் கார்ட்டூனையே திரும்பத் திரும்பப் பார்த்து அழுகிறாள். அதிலும் இதே மாதிரி கதையாம். "அந்தத் தாத்தா மாதிரி நம்ம வீட்ல யாரு இருக்கா?" என்று ஒருநாள் கேட்டாள். இந்தத் தொடரைப் பார்க்கவிடாமல் நிறுத்தட்டுமா? பள்ளியை மாற்றட்டுமா? அல்லது அந்தப் பெண்களின் வீட்டுக்கே போய்க் கேட்டுவிடட்டுமா?
— பெயர் வெளியிட விரும்பாத வாசகர், நாமக்கல்

பதில்:

அன்புள்ள ஐயா,

தொடரை நிறுத்த வேண்டாம். இந்த ஒன்றுக்கு உடனே பதில் சொல்லிவிடலாம். மற்ற இரண்டுக்கும் கொஞ்சம் பொறுங்கள். உங்கள் கடிதத்தில் நான்காவதாக ஒரு கேள்வி இருக்கிறது, அது உங்கள் மகள் கேட்டது. நீங்கள் அதைப் போகிற போக்கில் ஒரு வரியில் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அதுதான் பெரிதாகத் தெரிகிறது.

அந்தத் தொடரை நான் பார்த்திருக்கிறேன். என்னிடம் வரும் பிள்ளைகள் வாயைத் திறந்தாலே அனிமே என்கிற ஜப்பானிய அனிமேஷன் தொடர்கள்தான், பார்க்காமல் தப்பிக்க முடியாது. கார்ட்டூன் என்று எழுதியிருக்கிறீர்கள். ஆனால் இது சின்னக் குழந்தைகளுக்கான சமாச்சாரம் இல்லை. சிக்கா உமினோ என்பவர் 2007 முதல் இளைஞர்களுக்கான ஒரு பத்திரிகையில் வரைந்துவரும் மாங்கா, அதாவது ஜப்பானியச் சித்திரக்கதை இது. ஷாஃப்ட் நிறுவனம் இதை அனிமேவாக எடுத்தது. ஜப்பானின் பொது ஒலிபரப்பு நிறுவனமான என்எச்கேயில் 2016 அக்டோபரிலிருந்து 2018 மார்ச் வரை இரண்டு பருவங்களாக, மொத்தம் 44 பகுதிகள் வந்தன. உங்கள் மகள் அழுவது இரண்டாம் பருவத்தைப் பார்த்துத்தான் இருக்கும்.

அதில் ரேய் என்று 17 வயதுப் பையன். ஷோகி என்ற ஜப்பானியச் சதுரங்கத்தில் பள்ளிப் பருவத்திலேயே தொழில்முறை ஆட்டக்காரனாகிவிட்டவன். சின்ன வயதில் விபத்தில் பெற்றோரையும் தங்கையையும் பறிகொடுத்தவன். பள்ளியில் எப்போதும் தனியாகவே உட்கார்ந்து சாப்பிட்டவன். அவனைக் கூப்பிட்டுச் சோறு போடும் குடும்பத்தில் மூன்று அக்கா தங்கைகள்: அகாரி, ஹினா, குட்டிப் பெண் மோமோ. அம்மா இறந்துவிட்டார், அப்பா விட்டுவிட்டுப் போய்விட்டார். ஜப்பானியப் பலகாரக் கடை வைத்திருக்கும் தாத்தாதான் வீட்டுக்குப் பெரியவர். நடுநிலைப் பள்ளியில் படிக்கும் ஹினாவின் வகுப்பில் சிஹோ என்ற தோழியை ஒரு கும்பல் குறிவைக்கிறது. மற்றவர்கள் எல்லாம் ஒதுங்கிக்கொள்ள, ஹினா மட்டும் அவள் கூடவே நிற்கிறாள். கடைசியில் சிஹோ பள்ளியை விட்டே போய்விடுகிறாள். அடுத்த முறை ஹினாவுக்கு.

கதையின் இந்த இடத்தைப் படித்ததும் உங்களுக்கு என்ன தோன்றியிருக்கும் என்று ஊகிக்க முடிகிறது. உங்கள் மகள் தன் கதையைத்தான் திரும்பத் திரும்பப் பார்க்கிறாள். உங்களிடம் சொல்ல முடியாமல் போனதை யாரோ படம் வரைந்து வைத்திருக்கிறார்கள். அதைப் பிடுங்கிவிட்டால் அவள் கையில் மிச்சம் ஒன்றுமில்லை.

சரி, அந்தத் தாத்தா என்னதான் செய்கிறார்? ஹினா ஒருநாள் அழுதுகொண்டே வீட்டுக்கு வந்து நடந்ததையெல்லாம் கொட்டுகிறாள். தாத்தா பள்ளிக்கு ஓடவில்லை, யாரையும் திட்டவுமில்லை, "நீ கொஞ்சம் பார்த்து நடந்திருக்கக் கூடாதா" என்றும் கேட்கவில்லை. நீ தோழியைக் காப்பாற்றியிருக்கிறாய், நீ செய்ததில் எள்ளளவும் தப்பில்லை, நீ என் பேத்தி என்பதில் எனக்குப் பெருமை என்ற அளவில் அடித்துச் சொல்கிறார். அவ்வளவுதான். ஹினாவின் கஷ்டம் ஒரு துளிகூடக் குறையவில்லை. மறுநாளும் அதே வகுப்புக்குத்தான் போகிறாள். ஆனால் போகிற பெண் வேறு.

இது ஏன் வேலை செய்கிறது என்று என் அனுபவத்திலிருந்து சொல்கிறேன். ஒதுக்கிவைக்கப்பட்ட பிள்ளை முதலில் இழப்பது தன் மீதுள்ள நம்பிக்கையைத்தான். முப்பது பேர் பேசாமல் இருக்கும்போது, 'முப்பது பேரும் தப்பாக இருக்க முடியுமா, நான்தான் ஏதோ தப்பு' என்ற கணக்கு அந்த வயதில் தானாகவே ஓடும். அதை உடைக்க, வீட்டில் மதிப்புக்குரிய ஒருவர் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். மனதுக்குள் நினைத்துக்கொண்டால் போதாது. நம் வீடுகளில் அப்பாக்கள் மகளைப் பற்றிப் பெருமையாகப் பக்கத்து வீட்டுக்காரரிடம் சொல்வார்கள், மகளிடம் சொல்ல மாட்டார்கள்.

அதே வீட்டில் அக்கா அகாரி இருக்கிறாள். அவளை உங்கள் மகள் கவனித்தாளோ என்னவோ, நீங்கள் கவனிக்க வேண்டும். தாத்தா மாதிரி அவளால் சட்டென்று பாராட்ட முடியவில்லை. ஏன் இதில் போய்த் தலையிட்டாய் என்றுதான் அவள் மனம் முதலில் அடித்துக்கொள்கிறது. அப்படி நினைத்துவிட்டதற்காகவே அவள் பின்னால் நொந்துபோகிறாள். அம்மா இருந்திருந்தால் சரியாகச் செய்திருப்பாளே என்று ரேயிடம் சொல்லி வருந்துகிறாள். அகாரி கெட்டவள் இல்லை. பிள்ளைக்கு அடிபடக் கூடாது என்ற பயம் அவளுக்கு. நீங்கள் சொன்ன "ஊர் வம்பு" வார்த்தையும் அந்தப் பயத்தில் வந்ததுதான். இந்தத் தொடரில் எனக்கு ரொம்பப் பிடித்தது இது: ஒரே வீட்டில் இரண்டு விதமாகவும் பேசுகிறவர்களைக் காட்டி, இரண்டு பேரையும் அன்புள்ளவர்களாகவே வைத்திருக்கிறது.

ஆகவே நீங்கள் தாத்தாவாக நடிக்க வேண்டாம். பிள்ளைகள் கண்டுபிடித்துவிடுவார்கள். உண்மையையே சொல்லுங்கள். "அன்னிக்கு நான் அப்படிச் சொன்னது பயத்துல. நீ செஞ்சது சரி. உன் இடத்துல நான் இருந்தா எனக்கு அந்தத் தைரியம் வந்திருக்காது." இந்த மூன்று வாக்கியம் போதும். பைக்கில் போகும்போதோ கடைக்கு நடக்கும்போதோ சொல்லுங்கள். எதிரெதிரே உட்காரவைத்துப் பேசினால் விசாரணை மாதிரி ஆகிவிடும். அவள் பதில் சொல்லாவிட்டால் விட்டுவிடுங்கள். "என்ன, ஒண்ணும் சொல்ல மாட்டேங்கிற" என்று தொடங்கினால் சொன்னதும் வீணாகிவிடும்.

அடுத்து ரேய். தாத்தா வீட்டில் பேசுவதற்கு முன்பே ஹினா கதவைத் திறந்துகொண்டு வெளியே ஓடிவிடுகிறாள், ரேய் பின்னாலேயே ஓடுகிறான். இரவில் ஆற்றங்கரையில் அவள் அழுகிறாள். பயமாக இருக்கிறது, தனியாக இருப்பது தாங்க முடியவில்லை, ஆனாலும் நான் செய்தது தப்பே இல்லை என்கிறாள். இரண்டும் ஒரே மூச்சில் வருகிறது. தைரியமான பிள்ளை அழாது என்று நினைக்கிறவர்களுக்கு இந்தக் காட்சியைத்தான் போட்டுக்காட்ட வேண்டும். அதைக் கேட்ட ரேய்க்கு, தன் சின்ன வயதில் தனக்காக யாரும் சொல்லாததை இந்தப் பெண் சொல்லிவிட்டாள் என்று தோன்றுகிறது. வாழ்நாள் முழுக்க உன் பக்கத்தில் இருப்பேன் என்று வாக்குக் கொடுக்கிறான்.

(ஒரு 17 வயதுப் பையன் வாழ்நாள் வாக்குக் கொடுப்பதை ஆலோசகராக நான் பரிந்துரைக்க மாட்டேன். கதையில் நன்றாகத்தான் இருக்கிறது.)

வாக்குக் கொடுத்தபிறகு அவன் செய்வதுதான் உங்களுக்கான பாடம். அவன் ஆட்டக்காரன் இல்லையா, இதையும் ஓர் ஆட்டமாக நினைத்து ஜெயிக்கப் பார்க்கிறான். எங்கெங்கோ தேடிப் படிக்கிறான். பள்ளி மாற்ற வேண்டி வந்தால் பணம் வேண்டுமே என்று போட்டிகளில் ஜெயித்துச் சம்பாதிக்கத் திட்டம் போடுகிறான். அவனுடைய ஆசிரியர் ஹயாஷிதாதான் அவனை இழுத்துப் பிடிக்கிறார். அந்தப் பெண் எந்த மாதிரித் தீர்வை விரும்புகிறாள் என்று முதலில் அவளிடம் கேள் என்கிறார். உங்கள் கடிதத்தில் "மாற்றட்டுமா, கேட்டுவிடட்டுமா" என்று என்னிடம் அனுமதி கேட்டிருக்கிறீர்கள். அனுமதி தர வேண்டியவள் உங்கள் வீட்டில் இருக்கிறாள்.

பள்ளி மாற்றுவதைப் பற்றி எனக்குத் தனிப்பட்ட கருத்து இருக்கிறது, ஆனாலும் அதைத் தள்ளிவைக்கிறேன். சில பிள்ளைகளுக்கு அது பெரிய விடுதலை. சிலருக்கு, "நான்தான் ஓடிப்போனேன்" என்று பல வருடம் உறுத்தும். தோழி போனபிறகும் அதே பள்ளியில் நிற்கும் பெண்ணுக்கு அங்கே நிற்பதில் ஒரு வைராக்கியம் இருக்கலாம். அல்லது எப்போது கூட்டிப்போவீர்கள் என்று காத்துக்கொண்டிருக்கலாம். வெளியிலிருந்து நம்மால் சொல்ல முடியாது.

அந்தப் பெண்களின் வீட்டுக்குப் போவது மட்டும் கண்டிப்பாக வேண்டாம். அகாரியைப் பள்ளிக்குக் கூப்பிடும் காட்சியைப் பாருங்கள். கும்பலின் தலைவியான தகாகியின் அம்மா, என் பெண்தான் செய்தாள் என்பதற்கு ஆதாரம் எங்கே என்று பாய்கிறார். அகாரிக்கு வாயடைத்துப் போகிறது. நீங்கள் போனாலும் இதேதான் நடக்கும். பேசாமல் இருப்பதற்கு என்ன ஆதாரம் காட்ட முடியும்? மறுநாள் வகுப்பில் உங்கள் மகளுக்கு 'வீட்டுக்கு ஆளனுப்பினவள்' என்ற பெயர் கூடுதலாகச் சேரும்.

ஜப்பானில் இந்த ஆதாரப் பிரச்சினை நிஜமாகவே பெரிதாக வெடித்தது. 2011இல் ஓத்சு நகரில் சக மாணவர்களின் கொடுமைக்கு ஆளான ஒரு மாணவனின் மரணத்தைப் பள்ளியும் கல்வி வாரியமும் கையாண்ட விதம் நாடு முழுக்கக் கோபத்தைக் கிளப்பியது. 2013இல் கொடுமைப்படுத்துதலைத் தடுக்க அங்கே தனிச் சட்டமே வந்தது. அந்தச் சட்டம் பாதிக்கப்பட்ட பிள்ளை உடலாலோ மனதாலோ வேதனைப்படுகிறதா என்பதை வைத்துத்தான் கொடுமை எது என்று வரையறுக்கிறது, இணையம் வழியாக நடப்பதும் அதில் அடங்கும். ஹினாவின் கதை மாங்காவில் இந்தச் சட்டத்துக்கு முன்பே வந்துவிட்டது. அதனால்தான் அதில் வரும் வகுப்பாசிரியை அவ்வளவு எளிதாகக் கைகழுவ முடிகிறது என்று சொல்ல ஆசைதான். ஆனால் சட்டம் வந்தபிறகும் கைகழுவுகிற ஆசிரியர்கள் இருக்கத்தான் செய்கிறார்கள், எல்லா ஊரிலும்.

அந்த ஆசிரியை கதாபாத்திரத்தைப் பார்த்து உங்கள் மகள் பல்லைக் கடித்திருப்பாள். சோர்ந்துபோனவர். பிரச்சினை இல்லை என்று காட்டிக்கொள்வதிலேயே சக்தியெல்லாம் தீர்ந்துவிட்டவர். ஹினாவிடமே குறை கண்டுபிடிக்கிறார். கடைசியில் தானே உடைந்துபோய் விழுகிறார். அவருக்குப் பிறகு கொகுபு என்ற மூத்த ஆசிரியர் பொறுப்பேற்கிறார். மாணவர்களிடம் மழுப்பாமல் பேசுகிறார். தகாகியுடன் திரும்பத் திரும்ப உட்கார்ந்து பேசுகிறார். அவள் மனம் திருந்தி அழுது காலில் விழவில்லை என்பதைக் கவனியுங்கள். நம் சினிமாவாக இருந்தால் விழுந்திருப்பாள். கொடுமை நிற்கிறது, செய்தவள் கடைசிவரை முழுசாகப் புரிந்துகொள்ளவில்லை, அவ்வளவுதான். நான் பார்த்த பள்ளிகளிலும் பெரும்பாலும் அப்படித்தான். நீங்கள் எதிர்பார்க்க வேண்டியது அந்தப் பெண்களின் மன்னிப்பை அல்ல, உங்கள் மகள் நிம்மதியாக உட்கார்ந்து சாப்பிடுகிற ஒரு மதிய இடைவேளையை.

அவள் சம்மதித்தால் பள்ளிக்குப் போங்கள். போகுமுன் அவளோடு உட்கார்ந்து ஒரு தாளில் எழுதுங்கள்: எந்தத் தேதி, யார், என்ன சொன்னார்கள், அப்போது யார் பக்கத்தில் இருந்தார்கள். வாட்ஸ்அப் குழுவிலிருந்து நீக்கப்பட்ட திரையைப் படமெடுத்து வையுங்கள். முதலில் வகுப்பாசிரியரிடம். "பிள்ளைங்கன்னா அப்படித்தான் சார், ரெண்டு நாள்ல சேர்ந்துக்குவாங்க" என்று வந்தால் வாக்குவாதம் வேண்டாம், முதல்வருக்குக் கடிதமாகவே கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்குங்கள். சிபிஎஸ்இ 2015இலேயே இதற்கென ஒரு குழு அமைக்கச் சொல்லிப் பள்ளிகளுக்குச் சுற்றறிக்கை அனுப்பியிருக்கிறது. அந்தக் குழு உங்கள் பள்ளியில் இருக்கிறதா என்று பணிவாகக் கேளுங்கள். பணிவான கேள்விதான், ஆனால் உடனே நாற்காலி போடுவார்கள்.

அங்கே நாலைந்து பெண்களுக்குத் தண்டனை கேட்பதைவிட, மீதி இருக்கும் பிள்ளைகளைப் பற்றிக் கேளுங்கள். ஜப்பானில் யோஜி மொரிதா என்ற சமூகவியல் அறிஞர் 1980களிலேயே இதைச் சொல்லிவிட்டார். கொடுமை செய்கிறவர், படுகிறவர் இரண்டு பேர் மட்டும் அல்ல, சிரித்து ஏற்றிவிடுகிறவர்கள், கண்டும் காணாமல் இருப்பவர்கள் என்று வகுப்பு நாலு அடுக்காக இருக்கிறது என்றார். கடைசி அடுக்கில்தான் கூட்டம் அதிகம், அவர்களில் பலருக்கு உள்ளுக்குள் உறுத்தலும் இருக்கும். அதில் இரண்டு பேரை உங்கள் மகளின் பெஞ்சில் உட்காரவைக்க ஓர் ஆசிரியரால் முடியும். இருக்கை மாற்றம்தான், பெரிய நிர்வாக முடிவு எதுவும் தேவையில்லை.

தொடரைப் பற்றி ஒரு குறையும் சொல்ல வேண்டும். ஹினா ரொம்ப நல்லவள். ஒரு நாள்கூடத் தடுமாறாதவள். உங்கள் மகள் தன்னை அவளோடு ஒப்பிட்டுப் பார்க்கிறாள் என்றால், 'நான் அவள் அளவுக்கு இல்லை' என்ற குற்றவுணர்ச்சி எங்காவது இருக்கலாம். தோழியைக் கேலி செய்தபோது ஒருநாள் பயந்து வாயை மூடிக்கொண்டிருந்திருக்கலாம், கூட்டத்தோடு சேர்ந்து சிரித்தும் இருக்கலாம். என்னிடம் வரும் பிள்ளைகளில் தட்டிக் கேட்டவர்களும் இப்படி ஒரு நாளை மறைத்து வைத்திருப்பதுண்டு. அவளாக எப்போதாவது சொன்னால் அதிர்ச்சி காட்டாதீர்கள். அந்த ஒரு நாளைச் சொல்ல முடியாமல்தான் பல இரவு அழுகை.

இரவு அழுகையைப் பற்றிச் சொன்னதால் இன்னொன்று. அழுவதால் மட்டும் பயப்பட வேண்டாம். ஆனால் பள்ளி நாள் காலையில் மட்டும் வயிற்றுவலி, தூக்கமில்லாமை, வீட்டிலும் சாப்பாடு இறங்காதது, பிடித்த விஷயங்களையெல்லாம் விட்டுவிடுவது, "நான் இல்லாம இருந்தா நல்லா இருக்கும்" என்ற மாதிரிப் பேச்சு — இவற்றில் எதைக் கண்டாலும் காத்திருக்காதீர்கள். ஹினாவுக்கும் வயிறுதான் முதலில் பேசியது. கியோத்தோவுக்குப் பள்ளிச் சுற்றுலா போன இடத்தில் அவள் தனியாக ஆற்றங்கரையில் உட்கார்ந்திருக்க, ஒசாகாவில் ஆட்டம் முடித்த ரேய் அங்கே தேடி வருகிறான், கையில் அவளுக்காக வாங்கிய வயிற்றுவலி மருந்து. உங்கள் வீட்டில் டிபன் பாக்ஸ் ஏற்கெனவே நிரம்பித் திரும்புகிறது. மனநல உதவிக்கு 14416, குழந்தைகள் உதவிக்கு 1098, இரண்டும் எந்த நேரமும் கூப்பிடலாம், தமிழில் பேசலாம். மேலே சொன்ன அந்தப் பேச்சு வந்தால் அவள் சம்மதத்துக்குக் காத்திருக்கவும் வேண்டாம், அன்றே மருத்துவரிடம் கூட்டிப்போங்கள். தயங்கினால் எனக்கும் எழுதுங்கள்.

கடைசியாக, யாரும் கேட்காத ஒன்று. கரூருக்குப் போன அந்தத் தோழியோடு உங்கள் மகள் பேசுகிறாளா? தொடரில் ஹினா சிஹோவுக்குக் கடிதம் எழுதுகிறாள், பதில் வருவதற்கு நெடுநாள் ஆகிறது. உங்களுக்கு அவ்வளவு நாள் ஆகத் தேவையில்லை. அந்தப் பெண்ணின் அம்மாவுக்கு நீங்களே போன் செய்து, இரண்டு பேருக்கும் விருப்பம் என்றால் ஒரு ஞாயிற்றுக்கிழமை கூட்டிப்போய் விடுங்கள். நாமக்கல்லிலிருந்து ஒரு மணி நேரம். அங்கே போனதும் நீங்கள் வெளியே டீக்கடையில் இருந்துகொள்ளுங்கள், அவர்கள் பேசும் இடத்தில் உட்காராதீர்கள்.